கணையம் ஏன் ஸ்கேனில் தெரியவில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான். அம்மாவுக்கு வயிற்று வலி, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'பித்தப்பையில் 8 மி.மீ. கல், பின்னால் ஒலி நிழல்' என்று இருக்கிறது. கூடவே 'கணையம் குடல் வாயுவால் மறைந்திருக்கிறது' என்றும் இருக்கிறது. மெஷின் பழசா? வேறு இடத்தில் எடுத்தால் தெரியுமா? ஒலியை வைத்து எப்படிப் படம் வருகிறது, அந்த ஜெல் எதற்கு, அடிக்கடி எடுத்தால் கெடுதலா?

நான் டாக்டர் இல்லை. ரேடியாலஜி டெக்னீஷியன் படிப்புக்கு இயற்பியல் சொல்லித்தருகிறவன். அதனால் வலிக்கு என்ன செய்வது என்பதை அம்மாவைப் பார்த்த டாக்டரிடமே விட்டுவிடுகிறேன். மெஷின் மேல் விழுந்த பழியை மட்டும் இறக்கி வைக்கலாம். எவ்வளவு விலை உயர்ந்த மெஷினைக் கொண்டுவந்து வைத்தாலும், வயிற்றின் மேல் வைத்து நகர்த்தும் கருவியான புரோபுக்கும் கணையத்துக்கும் நடுவில் காற்று இருந்தால் கணையம் தெரியாது. ஏன் என்று புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளுக்கும் பாதி விடை வந்துவிடும்.

கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு, 'தொபுக்' என்று சத்தம் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காது கொடுத்திருப்போம். தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் நேரத்தை வைத்தே ஊகித்துவிடுவோம். ஸ்கேன் மெஷின் செய்வது கிட்டத்தட்ட இதுதான். புரோப் ஒரு சின்ன ஒலித்துடிப்பை உடம்புக்குள் அனுப்புகிறது. உள்ளே எங்கேயோ மோதி அதில் ஒரு துளி திரும்பி வருகிறது. போய்வர ஆன நேரம் தெரியும். உடம்பின் மென்மையான தசை, உறுப்புகளில் ஒலி சராசரியாக நொடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் போகும். அப்படியானால் 1 செ.மீ. ஆழத்துக்குப் போய்த் திரும்ப 13 மைக்ரோநொடி. 130 மைக்ரோநொடி கழித்து எதிரொலி வந்தால் மெஷின் 10 செ.மீ. ஆழத்தில் ஒரு புள்ளி வைக்கும். எதிரொலி பலமாக இருந்தால் புள்ளி வெள்ளையாக இருக்கும், பலவீனமாக இருந்தால் சாம்பல், எதுவுமே வராவிட்டால் கறுப்பு. ஒரு திசையில் இப்படி ஒரு கோடு, கொஞ்சம் தள்ளி அடுத்த கோடு என்று இருநூறு கோடு போட்டால் ஒரு படம்.

முதல் வகுப்பிலேயே நான் பலகையில் எழுதிப்போடுவது ஒன்று உண்டு. மெஷினுக்குத் தெரிந்தது மூன்றே சங்கதி: எந்தத் திசையில் அனுப்பினேன், எப்போது திரும்பி வந்தது, எவ்வளவு பலமாக வந்தது. மற்றதெல்லாம் நம்பிக்கை. ஒலி எங்கும் 1540 வேகத்தில்தான் போகும், நேராகப் போய் நேராகத் திரும்பும், ஒரே ஒரு முறைதான் மோதியிருக்கும், போகிற வழியெல்லாம் ஒரே அளவில் தேயும் என்று மெஷின் நம்பிக்கொண்டிருக்கிறது. உடம்பு அந்த நம்பிக்கைக்கு ஏற்ப நடக்கும்வரை படம் சரியாக இருக்கும். நடக்காத இடத்திலும் படம் வரும், ஆனால் அங்கே அது வேறு ஏதோ சொல்லும். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 'ஒலி நிழல்' அப்படிப்பட்ட இடம்தான்.

சரி, எதிரொலி எங்கிருந்து வருகிறது? ஒரே மாதிரியான பொருளுக்குள் போய்க்கொண்டிருக்கும் ஒலி திரும்பிப் பார்க்காது. ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்கும் எல்லையில்தான் கொஞ்சம் திரும்பும். எவ்வளவு திரும்பும் என்பதைப் பொருளின் அடர்த்தியும் அதில் ஒலி போகும் வேகமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இரண்டையும் பெருக்கினால் வரும் எண்ணை ஒலித்தடை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கத்து ஒலித்தடையும் நெருக்கமாக இருந்தால் ஒலி கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். வித்தியாசம் பெரிதானால் முட்டிக்கொண்டு திரும்பும்.

கொழுப்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் ஏறக்குறைய 1 சதவீதம் திரும்புகிறது. மீதி 99 சதவீதம் உள்ளே போய் அடுத்த எல்லையைப் பார்க்கிறது. படம் எடுக்க இதைவிடச் சௌகரியமான நிலைமை வேண்டாம். தசையும் எலும்பும் சந்திக்கும் இடத்தில் 40 சதவீதம் திரும்பிவிடும், உள்ளே போனதையும் எலும்பு சீக்கிரமே உறிஞ்சிவிடும். அதனால்தான் விலா எலும்புகளுக்கு நடுவில் புரோபைச் செருகிப் பார்க்கிறார்கள், 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்கிறார்கள். மூச்சை இழுத்தால் கல்லீரல் விலாவுக்குக் கீழே இறங்கி வரும். தசையும் காற்றும் சந்திக்கும் இடத்தில் என்ன ஆகிறது? 99.9 சதவீதம் திரும்பிவிடுகிறது. காற்றின் ஒலித்தடை தசையோடு ஒப்பிட்டால் நாலாயிரத்தில் ஒரு பங்குதான். ஒலியைப் பொறுத்தவரை அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒரு சுவர். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்கவே முடியாது.

ஜெல்லின் கதை இவ்வளவுதான். புரோபைத் தோலில் எவ்வளவு அழுத்தி வைத்தாலும் நடுவில் மெல்லிய காற்றுப்படலம் இருக்கும். உடம்புக்குள் நுழையும் முன்பே ஒலி அங்கே திரும்பிவிடும். ஜெல் அந்தக் காற்றை வெளியே தள்ளுகிறது, அதன் ஒலித்தடை தோலுக்கு நெருக்கமாக இருக்கிறது. அதில் மருந்து கிடையாது. சில்லென்று இருப்பது மட்டும் பயன் இல்லாத விஷயம். ஆரம்ப காலத்தில் எண்ணெய் தடவியே வேலையை முடித்திருக்கிறார்கள். வகுப்பில் ஜெல் இல்லாமல் புரோபைக் கையில் பிடித்துக் காட்டுவேன்: திரையின் உச்சியில் சம இடைவெளியில் சில கோடுகள், கீழே ஒன்றுமில்லை. புரோபின் முகப்புக்குள்ளேயே ஒலி மோதி மோதித் திரும்புவதுதான் அந்தக் கோடுகள். அதன் மேல் ஒரு விரலில் ஜெல் தொட்டு ஓட்டினால், விரல் போகிற இடத்தில் மட்டும் படம் ஓடும்.

இப்போது கணையத்துக்கு வருவோம். அது வயிற்றின் பின்பக்கம், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கும் உறுப்பு. அதற்கு முன்னால் இரைப்பை, பக்கத்திலேயே பெருங்குடலின் குறுக்குப் பகுதி. இரண்டிலும் காற்று இருப்பது சாதாரணம். பேசும்போதும் சாப்பிடும்போதும் நாம் விழுங்குவது கொஞ்சம், குடலில் உண்டாவது கொஞ்சம். புரோபிலிருந்து புறப்பட்ட ஒலி அந்தக் காற்றுத் திரையில் மோதி அப்படியே திரும்பிவிடுகிறது. கணையத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தானே அங்கிருந்து எதிரொலி வரும்? ஆகவே 'வாயுவால் மறைந்திருக்கிறது' என்று எழுதியவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்றுதான் நான் சொல்வேன். பார்க்காததைப் 'பார்த்தேன், நன்றாக இருக்கிறது' என்று எழுதுவதுதான் ஆபத்து.

வெறும் வயிற்றில் வரச்சொல்வதற்கும் இதுவே ஒரு காரணம். வாயு குறைவாக இருக்கும். இன்னொரு காரணம் பித்தப்பை. சாப்பிட்டவுடன் அது சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் விட்டுவிடும். ஆறேழு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் நிரம்பி உப்பியிருக்கும், உள்ளே கல் இருந்தால் பளிச்சென்று தெரியும். அடிவயிற்று ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச்சொல்வது வேறு கணக்கு. நிரம்பிய சிறுநீர்ப்பை காற்று நிறைந்த குடலை மேலே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் ஜன்னல் ஒன்றைத் திறந்து வைக்கிறது. தண்ணீரில் ஒலி அநேகமாகத் தேயாமல் போகும், பின்னால் இருக்கும் கருப்பை தெளிவாகத் தெரியும்.

ஒலியை உண்டாக்குவது எது என்று பார்த்தால், உங்கள் வீட்டு அடுப்படியிலேயே அதன் உறவினர் இருக்கிறார். கேஸ் அடுப்புக்கு 'டக்' என்று அழுத்துகிற லைட்டர். அதற்குள் இருக்கும் சின்னத் துண்டை ஒரு சுத்தி தட்டுகிறது, மின்சாரம் பிறந்து பொறி பறக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்பதை 1880-இல் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் பாரிஸில் கண்டுபிடித்தார்கள். ஆமாம், ரேடியம் மேரி கியூரியின் கணவர்தான் அந்தப் பியர். இது தலைகீழாகவும் நடக்கவேண்டும் என்று அடுத்த ஆண்டே லிப்மன் என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டுச் சொன்னார், சகோதரர்கள் சோதித்து உறுதிப்படுத்தினார்கள். அதாவது மின்சாரம் கொடுத்தால் படிகம் சுருங்கி விரியும். வேகமாகக் கொடுத்து நிறுத்தினால் அது மணிபோல அதிர்ந்து ஒலி எழுப்பும். எதிரொலி வந்து தட்டும்போது அதே படிகம் மின்சாரம் தரும். ஒரே பொருள் வாயாகவும் காதாகவும் இருக்கிறது. முதல் உலகப்போரில் பியர் கியூரியின் மாணவர் லாஞ்செவின் இதைக் குவார்ட்ஸில் செய்து, கடலுக்குள் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கருவி ஆக்கினார்.

இன்றைய புரோபுகள் பெரும்பாலானவற்றில் லெட் சிர்கோனேட் டைட்டனேட் என்ற பீங்கான் வகைப் பொருள் இருக்கிறது. அதன் தடிமனை வைத்தே அது எந்த அதிர்வெண்ணில் பாடும் என்பது முடிவாகும். 3.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 35 லட்சம் அதிர்வு, வேண்டுமானால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இன்னும் உயர்ந்த அதிர்வெண்ணுக்கு இன்னும் மெல்லியதாக அறுக்கவேண்டும். புரோபைக் கீழே போட்டால் ஏன் எல்லாரும் அலறுகிறார்கள் என்பது இப்போது புரியும்.

அந்தப் படிகமும் ஒரே துண்டு இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய கீற்றுகள், ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர். குளத்தங்கரையில் பத்துப் பேர் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் கல் போட்டால், அலைகள் சேர்ந்து ஒரே நேர்முகமாக எதிர்க்கரைக்குப் போகும். இடது கோடியில் நிற்பவர் முதலில், அடுத்தவர் ஒரு கணம் கழித்து என்று போட்டால் அலைமுகம் சாய்ந்துகொண்டு போகும். இரண்டு கோடியிலும் இருப்பவர்கள் முதலில், நடுவில் இருப்பவர் கடைசியில் போட்டால் எல்லா அலையும் முன்னால் ஒரு புள்ளியில் வந்து கூடும். புரோப் தன் கீற்றுகளை இப்படித்தான் நேரம் தள்ளித் தள்ளித் தட்டி, கற்றையைத் திருப்புகிறது, வேண்டிய ஆழத்தில் குவிக்கிறது. எந்தச் சக்கரமும் சுற்றவில்லை. நேரக்கணக்கு மட்டும்தான்.

அனுப்புவது மிகச் சின்னத் துடிப்பு, மூன்று அலை அளவுக்குத்தான். 3.5 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவு. அப்புறம் 15 செ.மீ. ஆழம்வரை பார்ப்பதானால் 195 மைக்ரோநொடி வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டும். முந்தைய துடிப்பின் கடைசி எதிரொலி வந்து சேரும்முன் அடுத்ததை அனுப்பினால் எது எதனுடையது என்று குழம்பிவிடும். ஒரு கோட்டுக்கு 195 மைக்ரோநொடி என்றால் 200 கோட்டுக்கு 39 மில்லிநொடி, நொடிக்கு ஏறத்தாழ 25 படம். ஆழத்தைக் கூட்டினால் படம் திக்கித் திக்கி ஓடுவது இதனால்தான். எத்தனை கோடி ரூபாய் போட்டாலும் ஒலியின் வேகத்தைக் கூட்ட முடியாது. ஒரே தட்டில் பல கோடுகளைக் கேட்பது போன்ற தந்திரங்கள்தான் செய்யலாம், புது மெஷின்கள் அதைத்தான் செய்கின்றன.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம்: அதிர்வெண் என்னும் இழுபறி. பக்கத்து ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்கும். நம் வீட்டுக்கு வந்து சேர்வது 'தும் தும்' என்ற அடி மட்டும்தான். பாடலின் கீச்சென்ற மேல்சுரங்கள் வழியிலேயே தேய்ந்துவிடும். உடம்புக்குள்ளும் அதே கதை. ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு, ஒரு செ.மீ. தூரத்துக்கு, சுமார் அரை டெசிபெல் தேய்கிறது என்பது நாங்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. 3.5 மெகாஹெர்ட்ஸில் 15 செ.மீ. போய்த் திரும்பினால், அதாவது 30 செ.மீ. பயணத்தில், 52 டெசிபெல் தேய்மானம். அனுப்பியதில் ஏறக்குறைய 1.8 லட்சத்தில் ஒரு பங்கு. இது எதிரொலியாகப் பிரிவதற்கு முன்பே, வெறும் வழிச்செலவு. இதையாவது மின்னணுவால் பெருக்கிக்கொள்ளலாம். அதே பயணத்தை 10 மெகாஹெர்ட்ஸில் செய்தால் 150 டெசிபெல். பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு. அதை எந்தக் காதும் கேட்காது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் தாழ்ந்த அதிர்வெண்ணே போதாதா? போதாது. அலைநீளம் பெரிதானால் படம் மழுங்கிவிடும். 3.5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.44 மி.மீ., 10 மெகாஹெர்ட்ஸில் 0.15 மி.மீ. துடிப்பின் நீளம் எவ்வளவோ அதில் பாதிக்கும் நெருக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பொருள் இருந்தால் அவற்றின் எதிரொலிகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரியும். ஆகவே தைராய்டு, மார்பகம், விரை போலத் தோலுக்கு அருகில் இருப்பவற்றுக்கு 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் நேர்முகப் புரோப். வயிற்றுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வளைந்த புரோப். 'தைராய்டு ஸ்கேன் எவ்வளவு தெளிவாக இருந்தது, வயிற்று ஸ்கேன் ஏன் மங்கல்' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பருமனானவர்களுக்கு இன்னும் கீழே இறங்கவேண்டியிருக்கும், படமும் இன்னும் மங்கும். பக்கவாட்டில் பிரித்துக் காட்டும் திறன் வேறு விஷயம். அது கற்றை எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. குவியும் ஆழத்தில் நன்றாக இருக்கும், அதைத் தாண்டினால் கற்றை விரிந்துவிடும்.

ஆழத்திலிருந்து வரும் எதிரொலி பலவீனமாக இருக்கும் என்று மெஷினுக்குத் தெரியும். ஆகவே நேரம் கழித்து வருவதை அதிகமாகப் பெருக்கும். மெஷினின் ஓரத்தில் வரிசையாக நகர்த்தும் பொத்தான்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு ஆழத்துக்கும் எவ்வளவு பெருக்குவது என்பதைக் கைப்பழக்கத்தில் சரிசெய்ய அவை. இதற்குள்ளும் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்ந்திருக்கும் என்பது. அது பொய்த்தால் என்ன ஆகும்?

வழியில் ஒரு நீர்க்கட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீருக்குள் ஒலி தேயவில்லை. மெஷினோ தேய்ந்திருக்கும் என்று நம்பி, பின்னால் வருவதைக் கூடுதலாகப் பெருக்குகிறது. அதனால் கட்டிக்குப் பின்னால் ஒரு வெளிச்சப் பட்டை விழும். மெஷின் தப்பாகப் பெருக்கியதால் விழுந்த வெளிச்சம், ஆனால் பார்க்கிறவருக்கு அதுவே துப்பு: 'உள்ளே இருப்பது திரவம், சதை இல்லை.'

கல் இதற்கு நேர் எதிர். பித்தக்கல்லில் மோதிய ஒலியில் பெரும்பகுதி திரும்பிவிடும், மீதியைக் கல் உறிஞ்சிவிடும். பின்னால் ஒன்றும் போகவில்லை, ஆகவே ஒன்றும் திரும்பவில்லை. மெஷின் அங்கே கறுப்பு அடிக்கிறது. வெள்ளையாக ஒரு வளைகோடு, அதன் பின்னால் படத்தின் அடிவரை நீளும் கறுப்பு நிழல். உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் இருப்பது இதுதான். நிழல் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அது இன்னொரு நோய் இல்லை. பித்தப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும் சதை வளர்ச்சிக்குப் பொதுவாக நிழல் விழாது, புரண்டு படுத்தாலும் அது நகராது. கல் உருளும். ஸ்கேன் எடுக்கும்போது 'இடது பக்கமாகப் புரண்டு படுங்க' என்று சொல்லியிருந்தால் அதற்குத்தான். கல் மிகச் சின்னதாகி, கற்றையின் அகலத்தைவிடக் குறைந்துவிட்டால் ஒலி அதன் இரண்டு பக்கமும் ஒழுகிப் பின்னால் போய்விடும், நிழல் விழாமல் போகலாம். அப்போது உயர்ந்த அதிர்வெண்ணுக்கு மாறி, குவியத்தைக் கல் இருக்கும் ஆழத்துக்குக் கொண்டுவருவார்கள்.

நேராகப் போய் நேராகத் திரும்பும் என்ற நம்பிக்கையைக் கெடுப்பது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானம். அதன் மறுபக்கம் காற்று நிறைந்த நுரையீரல் இருப்பதால், கல்லீரல் வழியாக வரும் ஒலிக்கு அது வளைந்த கண்ணாடி. ஒலி அதில் மோதி, திரும்பும் வழியில் கல்லீரலுக்குள் இருக்கும் ஒரு கட்டியில் பட்டு, அதே வழியில் மறுபடி போய்ப் புரோபுக்கு வரும். சுற்றி வந்தது மெஷினுக்குத் தெரியாது. தாமதமாக வந்ததால் ஆழமாக இருக்கிறது என்று முடிவு செய்து, நுரையீரலுக்குள் இன்னொரு கட்டியை வரைந்துவிடும். முதல் தடவை பார்க்கும் மாணவர்கள் அலறிப்போவார்கள். வேகத்தைப் பற்றிய நம்பிக்கை கெடும்போது தவறு சின்னதாக இருக்கும். கொழுப்பில் ஒலி நொடிக்கு 1450 மீட்டர்தான் போகும். 4 செ.மீ. கொழுப்பைக் கடந்துவந்த எதிரொலி இரண்டரை மில்லிமீட்டர் ஆழம் கூடுதலாகத் தெரியும். பெரிய நஷ்டம் இல்லை.

இவ்வளவு சிக்கல் இருக்கும் கருவியை முதலில் யார் வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்கலாம். பலர் பல இடங்களில் முயன்றிருக்கிறார்கள். மகப்பேறு மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் என்று சொல்லவேண்டியவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் இயன் டொனால்ட். 1955-இல் அவர் கொதிகலன் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். இரும்புப் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியால் சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. காரில், அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைக் கொடுத்தார்கள். திரவம் நிறைந்த கட்டிக்கும் சதைக் கட்டிக்கும் எதிரொலி வேறு வேறாக வந்தது. பிறகு டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும் ஜான் மெக்விகார் என்ற மருத்துவரும் சேர்ந்துகொண்டார்கள். அறுவை சிகிச்சைக்கு வழியில்லாத வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு ஸ்கேன் செய்து, உள்ளே இருப்பது பெரிய நீர்க்கட்டி என்று கண்டுபிடித்தார்கள். அதை எடுத்ததும் அவர் பிழைத்துக்கொண்டார். மூவரும் எழுதிய கட்டுரை 1958-இல் 'லான்செட்' இதழில் வந்தது. திரவமா, சதையா என்ற அந்த முதல் கேள்வியை இன்றும் ஒவ்வொரு ஸ்கேனிலும் கேட்கிறோம்.

திரவம் ஏன் கறுப்பு என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: உள்ளே எல்லை எதுவும் இல்லை, ஆகவே எதிரொலி இல்லை. இரத்தமும் ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். சிவப்பணு ஒன்று 7 அல்லது 8 மைக்ரோமீட்டர்தான், அலைநீளத்தோடு ஒப்பிட்டால் தூசு. அது சிதறடிக்கும் ஒலி மிகப் பலவீனம். கல்லீரலில் தெரியும் மணல் மாதிரிப் புள்ளிகளைப் பார்த்து 'இவைதான் செல்களா' என்று கேட்பார்கள். இல்லை. கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற சின்னச் சிதறல்கள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் உண்டாகும் கோலம் அது. புரோபைக் கொஞ்சம் நகர்த்தினால் கோலமும் மாறிவிடும். கொழுப்பு படிந்த கல்லீரலில் சிதறல் அதிகம், ஆகவே பக்கத்துச் சிறுநீரகத்தைவிட வெளுப்பாகத் தெரியும், ஆழப்பகுதி மங்கிவிடும்.

ஓடும் இரத்தத்தைப் பார்க்க டாப்ளர். ஹாரன் அடித்துக்கொண்டு நம்மை நோக்கி வரும் பஸ்ஸின் சத்தம் கீச்சென்று இருக்கும், கடந்து போனதும் சுருதி இறங்கும். 1842-இல் ஆஸ்திரிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டாப்ளர் இதற்குக் கணக்குச் சொன்னார். இரத்த அணுக்கள் பஸ். 3 மெகாஹெர்ட்ஸ் ஒலியை, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் இரத்தத்தின் மேல் 60 டிகிரிக் கோணத்தில் அனுப்பினால், திரும்பும் ஒலியின் அதிர்வெண் ஏறக்குறைய 970 ஹெர்ட்ஸ் மாறியிருக்கும். அந்த வித்தியாசம் நம் காது கேட்கும் எல்லைக்குள் விழுவது ஒரு நல்ல தற்செயல். அதை ஒலிபெருக்கியில் விட்டால் 'வுஷ் வுஷ்' என்று கேட்கும். கர்ப்பிணிகள் கண்கலங்கிக் கேட்கும் 'குழந்தையின் இதயச் சத்தம்' இதுதான். இதயம் எழுப்பும் சத்தத்தை மெஷின் பிடித்துத் தருவதில்லை. அசைவை அளந்து, அந்த அளவை ஒலியாக வாசித்துக் காட்டுகிறது. துடிப்பு மட்டும் குழந்தையுடையதுதான்.

கலர் டாப்ளரில் சிவப்பு என்றால் தமனி, நீலம் என்றால் சிரை என்று நினைக்காதவர்களே இல்லை. வழக்கமாக வைத்திருக்கும் அமைப்பில் சிவப்பு, புரோபை நோக்கி வரும் ஓட்டம். நீலம், விலகிப் போகும் ஓட்டம். புரோபைத் திருப்பிப் பிடித்தால் அதே குழாய் நிறம் மாறும். குழாய்க்கு நேர் செங்குத்தாகப் பிடித்தால் ஓட்டம் வருவதும் இல்லை, போவதும் இல்லை. இரத்தம் பாய்ந்துகொண்டிருந்தாலும் நிறமே வராது. வேகத்தை அளக்கும்போது கோணம் 60 டிகிரியைத் தாண்டவிடக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான். அதற்கு மேல் கோணத்தில் நடக்கும் சின்னத் தவறு, வேகத்தில் பெரிய தவறாகிவிடும்.

கெடுதலா என்ற கேள்வி. எக்ஸ்ரேயும் சி.டி.யும் போல இது அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும் கதிர்வீச்சு இல்லை. வெறும் அதிர்வு. ஆகவே 'போன மாதம் எடுத்தோம், இந்த மாதமும் எடுக்கலாமா' என்று கூட்டல் கணக்குப் போடவேண்டாம். அதற்காக விளைவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஒலி தேய்கிறது என்றால் அந்த ஆற்றல் வெப்பமாகிறது என்று அர்த்தம். மிகப் பலமான துடிப்பு நுண்குமிழிகளைக் கலக்கவும் செய்யும். இவற்றுக்காகத்தான் திரையின் ஓரத்தில் டி.ஐ., எம்.ஐ. என்று இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். முதலாவது வெப்பத்துக்கு, இரண்டாவது குமிழிக்கு. சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் மெஷின் பேசும் நேரம் அரை சதவீதம்கூட இல்லை என்பதைக் கணக்கில் பார்த்தோம், ஆகவே வெப்பம் மிகக் குறைவு. டாப்ளர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும். அதனால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தேவையில்லாமல் அதைப் போடுவதில்லை. மருத்துவக் காரணம் இருந்தால் எடுக்கவேண்டும், வேடிக்கைக்காக நீட்டக்கூடாது, அவ்வளவுதான். ஸ்கேன் சென்டர்களில் தொங்கும் எச்சரிக்கைப் பலகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம். ஒலியால் வரும் ஆபத்துக்கு அல்ல, மனிதர்களால் வரும் ஆபத்துக்கு.

கடைசியாக, மறுபடி எடுக்கவேண்டுமா? கல்லைப் பொறுத்தவரை இயற்பியல் தன் வேலையைச் செய்துவிட்டது: பளிச்சென்ற முகப்பு, பின்னால் நிழல். அதற்காக வேறு மெஷின் தேடவேண்டியதில்லை. கணையத்தைப் பார்த்தே ஆகவேண்டுமா என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். வேண்டும் என்றால் இன்னொரு நாள் காலையில், வெறும் வயிற்றில் திரும்ப முயலலாம். உட்காரவைத்து, பக்கவாட்டில் படுக்கவைத்துக் காற்றை நகர்த்திப் பார்ப்பார்கள். சில சமயம் அங்கேயே இரண்டு தம்ளர் தண்ணீர் குடிக்கவைத்து, இரைப்பையை ஜன்னலாக்கி அதன் வழியாகப் பார்ப்பார்கள். அப்படியும் தெரியாவிட்டால் சி.டி. அதற்குக் காற்று ஒரு பொருட்டில்லை. அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: வயிறு உப்புசமாக இருக்கிறதே என்று ஸ்கேனுக்கு முன்னால் சோடா குடித்துவிட்டு வந்துவிடக்கூடாது. தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டும்தான்.